மலையில் வீட்டு இணையம் எடுக்கப் போகிறவர்களுக்கு: கோத்தகிரியில் நான் பட்டதும் கற்றதும்

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தவரை, வீட்டுக்கு இணையம் எடுப்பது எனக்கு அரை மணி நேர வேலையாகத்தான் இருந்தது. ஒரே கட்டடத்துக்குள் ஏர்டெல், ஜியோ, பி.எஸ்.என்.எல். என எல்லாருடைய ஃபைபர் கேபிளும் வந்து நின்றது. எத்தனை எம்.பி.பி.எஸ். வேகம், மாதம் எவ்வளவு, ஓ.டி.டி. சேர்த்துத் தருகிறார்களா என்று கேட்டு முடிவு செய்துவிடலாம். பிடிக்கவில்லையென்றால் அடுத்த மாதமே மாறிக்கொள்ளலாம். அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது, அவரைக் கவனித்துக்கொள்ள, நீலகிரியில் கோத்தகிரியை அடுத்த அரவேணுவுக்கு அருகில் இருக்கும் எங்கள் பழைய வீட்டுக்கு வந்தேன். நான் செய்வது மெடிக்கல் கோடிங், அதாவது மருத்துவப் பதிவுகளைக் குறியீடுகளாக மாற்றும் வேலை. வீட்டிலிருந்தே வேலை பார்க்க நிறுவனம் அனுமதித்தது, ஆனால் நாள் முழுவதும் அறுபடாத இணைப்பு வேண்டும் என்பது அவர்களுடைய ஒரே நிபந்தனை. அந்த நிபந்தனையை நிறைவேற்ற எனக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு பிடித்தது. சம்பளப் பிடித்தம் உட்பட ஏறக்குறைய ரூ.35,000 போயிற்று. வேலையே போய்விடுமோ என்ற பயத்தில் தூக்கமில்லாமல் கிடந்த இரவுகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நகரத்தில் நாம் திட்டங்களை ஒப்பிடுகிறோம். மலையில் ஒப்பிட வேண்டியவை கேபிள் எந்த வழியாக வருகிறது என்பதும், அது அறுந்தால் யார் வந்து ஒட்டுவார் என்பதும்தான். இதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் செய்தது, கோவையில் செய்ததைப் போலவே நிறுவனங்களின் இணையதளங்களில் அஞ்சல் குறியீட்டு எண்ணை இட்டுப் பார்த்தது. ஒரு நிறுவனம் ‘உங்கள் பகுதியில் சேவை உண்டு’ என்று பச்சை எழுத்தில் காட்டியது, ரூ.1,000 முன்பணமும் வாங்கிக்கொண்டது. சில நாள் கழித்து வந்த பையன் சாலையில் நின்றபடியே மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இந்தப் பக்கம் எங்க லைனே இல்லைங்க மேடம், பஜாரோட நின்னுருச்சு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மலையூரின் ஓர் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்குள் பல மேடுகளும் பள்ளங்களும் அடங்கும். அந்த எண்ணுக்குள் எங்கோ ஒரு தெருவில் ஃபைபர் இருந்தாலும் இணையதளம் ‘உண்டு’ என்றே சொல்லும். முன்பணம் திரும்பி வருவதற்குள் எத்தனையோ தொலைபேசி அழைப்புகள். ஆகவே, ஆள் வந்து இடத்தைப் பார்த்து, கேபிளைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் பிரிப்புப் பெட்டிகளில் உங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருப்பது எந்தக் கம்பத்தில் உள்ளது, அங்கிருந்து வாசல் வரை எத்தனை மீட்டர் கேபிள் இழுக்க வேண்டும் என்று சொல்லும்வரை ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் போனால் மீட்டர் கணக்கில் தனியாக வாங்குவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அது பின்னால்தான் தெரியவந்தது, அதற்கு ரூ.1,200 ஆயிற்று.

கேபிளே வராத இடத்துக்குக் காற்று வழியாக இணையம் வருகிறதே என்று அடுத்ததாக அந்தப் பக்கம் போனேன். 2023 ஆகஸ்டில் ஏர்டெல்லும் செப்டம்பரில் ஜியோவும் ‘ஏர்ஃபைபர்’ என்ற பெயரில் 5ஜி அலைவரிசையைக் கொண்டு வீட்டு இணைப்பு தரத் தொடங்கின. கூரைமேல் ஒரு பெட்டியைப் பொருத்தி, கோபுரத்திலிருந்து வரும் சமிக்ஞையை வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டருக்கு இறக்குவார்கள். இந்த வகை இணைப்பு ஒன்றை எடுத்தேன். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை, ஏனெனில் என் வீடு இருக்கும் இடத்தில் யாருடையதை எடுத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். மார்ச் மாதத்தின் வெயில் நாளில் பொருத்தினார்கள். வேகச் சோதனையில் 100 எம்.பி.பி.எஸ்.ஸைத் தாண்டியது, எனக்கு அழுகை வராத குறை. ஏப்ரல் பாதியில் சீசன் தொடங்கியதும் நிலைமை மாறியது. மே மாதம் ஊட்டியில் மலர்க் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி என்று மலை முழுக்கச் சுற்றுலாப் பயணிகள் நிறைந்துவிடுவார்கள். அவர்களின் கைபேசிகளும் என் வீட்டுப் பெட்டியும் அதே கோபுரத்தைத்தான் நம்பி இருக்கின்றன. மாலை ஆனால் படம் நின்றுபோகும், பேச்சு அறுபடும். தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: என் கூரைக்கும் கோபுரத்துக்கும் நடுவே தேயிலைக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரங்கள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் பனிமூட்டத்தைக் குறை சொன்னார்கள். உண்மையில் 5ஜிக்குப் பொதுவாகப் பயன்படும் அலைவரிசைகளைப் பனிமூட்டம் பெரிதாகத் தடுப்பதில்லை. நனைந்த இலைகளும் காற்றில் ஆடும் கிளைகளுமே தடுக்கின்றன. கோடையில் கத்தரித்துவிட்ட மரம் மழையில் தழைத்ததும் சமிக்ஞை குறைந்ததை நானே பார்த்தேன்.

மின்சாரத்தையும் மறந்துவிடக் கூடாது. காற்றுக்கு மரம் சாய்ந்தால் எங்கள் பகுதியில் மின்சாரம் மணிக்கணக்கில் நிற்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்ததும் இணைப்பு போய்விடும். எனவே காற்றுவழி இணைப்பு எடுப்பவர்கள் கூரையிலிருந்து கோபுரம் கண்ணுக்கு நேராகத் தெரிகிறதா என்று பாருங்கள். மரம் குறுக்கே இருந்தால் எவ்வளவு வேகம் காட்டினாலும் நம்பாதீர்கள். வேகச் சோதனையை ஒரு சனிக்கிழமை மாலை செய்து பாருங்கள், மின்சாரம் நின்ற ஒரு நாளிலும் பாருங்கள். நேர்ப்பார்வை உள்ள, நெரிசல் இல்லாத கோபுரம் கிடைத்தவர்களுக்கு இது நன்றாகவே ஓடுகிறது. மேட்டில் குடியிருக்கும் என் உறவினர் ஒருவர் இதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். எனக்குப் பொருத்தும் கட்டணமும் பயன்படாத மாதங்களின் வாடகையுமாக ரூ.3,100 வீணாயிற்று.

பணத்தைவிட என்னை உலுக்கியது வேலை. எங்கள் வேலையில் அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை நிறுவனத்தின் கணினியில்தான் திறக்க முடியும்; அந்தக் கணினியுடன் நம்மைப் பாதுகாப்பாக இணைக்கும் வி.பி.என். அறுந்தால் திறந்திருந்த கோப்பு மூடிக்கொள்ளும், மறுபடி உள்நுழைய வேண்டும், அன்றைய டார்கெட் கைநழுவிவிடும். ஒரு நிமிடம் அறுந்தால் பதினைந்து நிமிட வேலை போய்விடும். முடிக்காத நாளுக்குச் சம்பளம் குறைந்தது. அப்படிக் குறைந்தது மட்டும் ரூ.24,000 இருக்கும். டீம் லீட் நல்லவர்தான், ஆனால் அவரும் மேலே பதில் சொல்ல வேண்டும். “உங்க ஊர்ல எப்பவுமே இப்படித்தானா?” என்று அவர் கேட்ட அன்று, அம்மாவுக்குத் தெரியாமல் பின்கட்டில் போய் நின்று அழுதேன். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கோத்தகிரி பஜாரில் தெரிந்தவர் கடையின் மாடியில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன். அந்த நேரமெல்லாம் அம்மா வீட்டில் தனியாகக் கிடக்கிறாரே என்ற எண்ணம் வயிற்றைப் பிசையும். அவரைப் பார்த்துக்கொள்வதற்காக மலையேறி வந்துவிட்டு, இணையத்துக்காக அவரை விட்டுப் போக வேண்டியிருந்ததுதான் என்னால் இன்றும் மறக்க முடியாதது.

அதன் பிறகுதான் உள்ளூரில் கேபிள் டிவி நடத்துபவர் ஃபைபர் தருகிறார் என்று தெரியவந்தது. பெரிய நிறுவனங்களின் பெயரில் வரும் இணைப்புகளும் மலையில் பல இடங்களில் இப்படித்தான், பி.எஸ்.என்.எல்.லின் ஃபைபர் இணைப்புகள்கூடப் பல ஊர்களில் உள்ளூர்ப் பங்குதாரர்கள் வழியாகவே வீட்டுக்கு வருகின்றன. ரசீதில் இருப்பது ஒரு பெயர், கம்பத்தில் ஏறுபவர் வேறொருவர் என்பதை நகரத்திலிருந்து வருகிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்றார்கள், ரூ.8,500 கட்டினேன், வீட்டுக்குள் ஃபைபரைச் செருகும் பெட்டிக்குத் தனியாக ரூ.2,000. ஆகஸ்ட், செப்டம்பரில் எந்தக் குறையும் இல்லை. கோத்தகிரிப் பக்கத்துக்கு உண்மையான சோதனை வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவதும் மரம் விழுவதும் இங்கே பிறந்தவர்களுக்குப் புதிதல்ல. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட நிலச்சரிவுகளை நேரில் பார்த்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தச் சோதனை ஜூன், ஜூலை, ஆகஸ்டிலேயே வந்துவிடும்; 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. உங்கள் ஊருக்கு எந்த மழை பெரியது என்று தெரிந்துகொண்டு, அந்த மழை முடியும்வரை யாரிடமும் மாதக் கணக்கில் மட்டுமே கட்டுங்கள். ஆண்டுக் கட்டணத்தில் கிடைக்கும் இரண்டு மாத இலவசம் பெரிய தொகையல்ல. ஆனால் மொத்தப் பணமும் அவர்கள் கையில் போய்விட்டால், நம் அழைப்பை எடுக்க வேண்டிய அவசரம் அவர்களுக்குப் போய்விடுகிறது.

நவம்பர் முதல் வாரத்தில் கற்பூர மரம் ஒன்று சாய்ந்து கேபிள் அறுந்தது. பெட்டியில் லாஸ் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஒளியே வரவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். அழைத்தால் ‘நாளைக்கு வருகிறோம்’, மறுநாள் அழைத்தால் ‘மழை விடட்டும்’. மழையில் கம்பத்தில் ஏறச் சொல்ல எனக்கும் மனமில்லை; மின்கம்பத்திலேயே கேபிளும் கட்டியிருக்கும்போது அது உயிர் போகும் விஷயம். ஆனால் மழை விட்ட பிறகும் வரவில்லை. மாற்று ஏற்பாடாக இன்னொரு நிறுவனத்தின் ஃபைபரையும் எடுத்துவிடலாம் என்று விசாரித்தபோதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன்: அந்த நிறுவனத்தின் கேபிளும் அதே கம்பங்களில், அதே மரத்தடியில், அதே மரம் விழுந்து அறுந்து கிடந்தது. இரண்டையும் பராமரிப்பவர் ஒரே ஆள். பெயர் இரண்டாக இருந்தாலும் வழி ஒன்றாக இருந்தால் இரண்டாவது இணைப்பு நமக்கு உதவாது. நகரத்தில் இதை யோசிக்கத் தேவையில்லை. மலையில் இதை யோசிக்காமல் இரண்டாவது இணைப்புக்குப் பணம் கட்டக் கூடாது.

இதே கேள்வியை ஊர் அளவிலும் கேட்க வேண்டும். சமவெளியிலிருந்து நீலகிரிக்கு வரும் கேபிள்கள் மலைப்பாதைகளை ஒட்டித்தான் ஏறுகின்றன: மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு ஒரு பாதை, கோத்தகிரிக்கு இன்னொரு பாதை, மைசூர்ப் பக்கத்திலிருந்து கூடலூர் வழியாக வேறொன்று. நிறுவனத்துக்கு ஒரே பாதையில்தான் கேபிள் இருக்கிறதென்றால், அந்தப் பாதையில் ஓரிடத்தில் மண் சரிந்தாலோ, சாலை வேலைக்கு வந்த பொக்லைன் தோண்டிவிட்டாலோ மேலே இருக்கும் அத்தனை பேருக்கும் இணைப்பு போய்விடும். இரண்டு பாதைகளில் கேபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். “உங்களுக்கு மேலே வர்ற லைன் ஒரு ரூட்டா, ரெண்டு ரூட்டாண்ணா?” என்று கேளுங்கள். விற்பனைப் பிரிவில் இருப்பவருக்குப் பதில் தெரியாது. கம்பத்தில் ஏறுபவருக்குத் தெரியும்.

கடைசியில் ஒரு தம்பி வந்து ஒட்டித் தந்தார். ஒட்டிய பிறகும் இணைப்பு நிற்பதும் வருவதுமாகவே இருந்தது. அவரிடமே பொறுமையாகக் கேட்டேன், அவர் கையிலிருந்த, கேபிளில் வரும் ஒளியை அளக்கும் பவர் மீட்டரை என் பக்கம் திருப்பி, “பாருங்கக்கா, மைனஸ் இருபத்தேழுக்கு வந்துருச்சு. இதுக்கு மேல பாக்ஸ் பிடிக்காது” என்றார். அன்று அவர் சொல்லித் தந்ததையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஃபைபரில் வருவது ஒளி. அதன் அளவை எதிர்மறை எண்ணில் சொல்வார்கள். மைனஸுக்குப் பின்னால் வரும் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைகிறது என்று பொருள், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒளி பாதியாகிறது. வீட்டுக்கு மைனஸ் 18 முதல் மைனஸ் 23 வரை வந்தால் நல்லது. வீடுகளில் பொதுவாக வைக்கும் பெட்டிகளுக்கு மைனஸ் 27தான் எல்லை. ஒரு கிலோமீட்டர் ஃபைபரில் அரை டெசிபல்கூடக் குறையாது; ஆனால் ஒளியை எட்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டரிலேயே 10 டெசிபல் போய்விடும். அறுந்த இடத்தில் சரியாக ஒட்டாத ஒவ்வொரு இணைப்பும், ஆணியில் மடக்கிக் கட்டிய ஒவ்வொரு வளைவும் இன்னும் கொஞ்சம் தின்னும். எங்கள் பக்கத்தில் மரம் மட்டுமல்ல, குரங்குகள் கேபிளைக் கடிக்கின்றன. தாழ்வாகத் தொங்கும் கேபிளைக் காட்டெருமை கொம்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒட்டு கூடிக்கொண்டே போவதால், முதல் ஆண்டு நன்றாக ஓடிய இணைப்பு மூன்றாம் ஆண்டு திணறுவதன் காரணம் இதுதான். பொருத்தும் நாளன்றே பவர் மீட்டரில் என்ன எண் காட்டுகிறது என்று கேட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல பெட்டிகளில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் நாமே அந்த எண்ணைப் பார்க்கலாம். ‘நெட் ஸ்லோவாக இருக்கிறது’ என்று சொன்னால் ‘ரீஸ்டார்ட் பண்ணுங்க’ என்றுதான் பதில் வரும். ‘போன மாதம் மைனஸ் 21 இருந்தது, இன்று மைனஸ் 26 காட்டுகிறது’ என்று சொன்ன அன்று ஆள் வந்தார்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் வேலைக்கும், ஆன்லைன் வகுப்புக்கும், வீடியோ அழைப்புக்கும் 30 அல்லது 40 எம்.பி.பி.எஸ். தாராளம். 200, 300 எம்.பி.பி.எஸ்.ஸுக்கென்று கூடுதலாகக் கட்டுவதில் எந்தப் பயனும் இல்லை. இணைப்பு அறுபடாமல் இருப்பதுதான் பயன். அதை அளக்கக் கணினியில், சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் என்ற கட்டளையை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நூற்றுக்கு எத்தனை பதில் வராமல் போகிறது என்று பாருங்கள். மழை நாளில் ஒரு முறை, வெயில் நாளில் ஒரு முறை. என் இணைப்பு வேகச் சோதனையில் 60 காட்டிய அதே நேரத்தில் பிங்கில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட பதில்கள் வராமல் போயின, வி.பி.என். அறுந்ததன் காரணம் அங்கேதான் இருந்தது. ‘அன்லிமிடெட்’ என்று எழுதியிருந்தாலும் டேட்டா வரம்பு உண்டா, அது தீர்ந்தால் வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்று கேளுங்கள். நம் நாட்டில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள 2023 முதல் குறைந்தது 2 எம்.பி.பி.எஸ். வேண்டும் என்பது விதி. சில திட்டங்களில் வரம்பு தீர்ந்ததும் அந்த அளவுக்கே இறக்கிவிடுவார்கள். வீட்டுக்குள்ளும் ஒரு சிக்கல் இருக்கலாம்: எங்களுடையது பழைய கருங்கல் சுவர் வீடு, 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு சுவரைத் தாண்டவே திணறியது. நிறுவனத்திடம் சண்டை போடுவதற்கு முன் கணினியை லேன் கேபிளால் ரவுட்டரில் நேரடியாகச் செருகிப் பார்த்துவிட்டால், குறை வெளியிலா உள்ளேயா என்று தெரிந்துவிடும்.

மின்சாரத்துக்கு, ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் சிறிய யு.பி.எஸ். கிடைக்கிறது, இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கும் அது சில மணி நேரம் தாங்கும். அது மட்டும் போதாது. கேபிள்காரரின் அலுவலகத்திலும் வழியில் இருக்கும் கருவிகளிலும் மின்சாரம் நின்றால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேளுங்கள். நான் இப்போது வைத்திருக்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க இந்தக் கேள்விக்கு அவர்கள் தந்த நேரான பதிலே முக்கியக் காரணம்.

அந்த ஆண்டுக் கட்டணத்தைத் திரும்பக் கேட்டது தனிக் கதை. வாயால் சொன்ன புகார்கள் எதற்கும் பதிவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எந்த நிறுவனமானாலும் புகார் செய்தால் புகார் எண் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் போனை வைக்காதீர்கள். புகார் தீரவில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி 39 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாடுகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நான் மேல்முறையீடு வரைதான் போனேன், ரூ.4,000 திரும்பக் கிடைத்தது. அதற்கு உதவியது கையில் இருந்த ரசீது. 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்ட, நிறுவனத்தின் பெயர் உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள். துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தருவதை வைத்துக்கொண்டு முறையிடுவது கடினம். ரூ.2,000 கொடுத்து வாங்கிய பெட்டியோ புதிய நிறுவனத்துக்கு ஒத்துவரவில்லை. ஃபைபர் இணைப்பில் இபான், ஜிபான் என்று இரண்டு வகை உண்டு, ஒன்றுக்கான பெட்டி மற்றதில் ஓடாது. இரண்டிலும் ஓடும் எக்ஸ்பான் பெட்டியாகக் கேட்டு வாங்கினால் நிறுவனம் மாறும்போது பயன்பட வாய்ப்பு அதிகம்.

இப்போதைய இணைப்பை விளம்பரம் பார்த்து எடுக்கவில்லை. எதிர்வீட்டு அக்காதான், “டீ ஃபேக்டரி ஆபீஸ்ல யாரோட நெட் வெச்சிருக்காங்கன்னு கேளு கண்ணு” என்றார். எவ்வளவு சரியான யோசனை! குன்னூர் தேயிலை ஏலம் இணையம் வழியாகவே நடக்கிறது. தொழிற்சாலை அலுவலகத்தில் இணைப்பு நின்றால் அவர்களுக்கு வியாபாரமே நின்றுவிடும். அதைப் போல இ-சேவை மையம், ரேஷன் கடை, வங்கிக் கிளை ஆகியவற்றிலும் கேட்டேன். மழைக்காலத்தில் எத்தனை நாள் நின்றது, யார் வந்து சரிசெய்தார், அழைத்தால் எடுக்கிறாரா என்பதைத்தான் கேட்டேன். வேகத்தைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. எல்லாரும் சொன்ன ஆள் ஒருவரே. அவருடைய கேபிள் மேல்சாலை வழியாக, மரம் குறைவான தேயிலைச் சரிவின் ஓரமாக வருகிறது. மாதம் ரூ.590, வரி உட்பட, 40 எம்.பி.பி.எஸ். இதற்குத் துணையாக, வேறு கோபுரத்திலிருந்து சமிக்ஞை கிடைக்கும் ஒரு சிம்மைத் தனிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். போன வடகிழக்குப் பருவமழையில் கேபிள் அறுந்தபோதும் அதை வைத்து அன்றைய வேலையை முடித்துவிட்டேன். மறுநாள் மதியத்துக்குள் ஒட்டித் தந்துவிட்டார்கள்.

கேபிளுக்கு மேல் சாய்ந்து நிற்கும் மரத்தை வெட்டிவிடலாமே என்று நினைப்பவர்களுக்கு: நீலகிரியில் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, சொந்த நிலத்தில் இருக்கும் மரத்தையும் அனுமதி வாங்காமல் வெட்ட முடியாது. மரத்தை விட்டுக் கேபிளை வேறு கம்பத்துக்கு மாற்றிக் கட்டச் சொல்வதே நடக்கக்கூடியது. அதையும் மழைக்கு முன்பே, செப்டம்பரிலேயே சொல்லிவிட வேண்டும்.

கொடைக்கானலில் வீடு எடுத்திருக்கும் என் சித்தி மகள் சென்ற மாதம் எந்த நிறுவனம் நல்லது என்று கேட்டாள். பெயர் எதுவும் சொல்லவில்லை. கேபிள் வத்தலக்குண்டு சாலை வழியாக ஏறுகிறதா, பழனி சாலை வழியாக ஏறுகிறதா என்று விசாரிக்கவும், பணம் கட்டுவதற்கு முன் தன் வாசலிலிருந்து முதல் பிரிப்புப் பெட்டி வரை கேபிளின் கூடவே ஒரு முறை நடந்து பார்க்கவும் சொன்னேன். நடந்து பார்த்தவள், ஓடைக்கு அந்தப் பக்கம் பாதி சாய்ந்த சீகை மரத்திலேயே கேபிளைக் கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, இன்னொரு நிறுவனத்துக்கு ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டினாள்.